சேலத்தில் எழுந்த பர்மாப் போர்க்களம்: டி. ஆர். சுந்தரம்

நூலோடு தொடர்பில்லாத குடும்பம் கொங்கு நாட்டில் குறைவு. சென்னிமலையிலும் திருச்செங்கோட்டிலும் தறி, கோவையில் நூற்பாலை, திருப்பூரில் பின்னலாடை என ஊருக்கு ஊர் தொழிலின் வடிவம் மாறும், அடிப்படை ஒன்றே. அந்த நூல் வாணிகத்திலிருந்து திரைத்துறைக்கு வந்து, தென்னிந்தியத் திரைப்படத் தொழிலுக்கே ஓர் ஒழுங்கை வகுத்துத் தந்தவர் திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம். மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி என்றும் டி. ஆர். எஸ். என்றும் அழைக்கப்பட்ட அவரை, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தைத் தந்தவராகவும், மலையாளத்தின் முதல் பேசும் படத்தைத் தயாரித்தவராகவும் திரைவரலாறு போற்றுகிறது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே அப்போரைக் கதைக்களமாகக் கொண்டு அவர் இயக்கிய ‘பர்மா ராணி’ (1945) இந்தப் பாராட்டுகளுக்கு நடுவே ஒரு வரியில் கடந்துசெல்லப்படுகிறது. அவருடைய ஆற்றலும், அந்த ஆற்றல் வேலை செய்ய நேர்ந்த காலத்தின் சிக்கலும் அப்படத்தில்தான் ஒருசேரத் தெரிகின்றன.

1907 ஜூலை 16ஆம் நாள் பிறந்தவர் சுந்தரம். குடும்பத் தொழில் நூல் வாணிகம். தொழிலை அறிவியல் முறையில் கற்றுவர இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். அக்காலத்தில் யார்க்‌ஷயர் பகுதியின் ஆலைகள் உலகுக்கே நெசவுப் பள்ளியாக விளங்கின. ஆங்கிலேயப் பெண்மணியான கிளாடிஸை மணந்துகொண்டு அவர் தாயகம் திரும்பினார். குடும்பம் எதிர்பார்த்தபடி ஆலை முதலாளியாகியிருந்தால் இன்று அவர் பெயரைத் தொழில் வட்டாரம் மட்டுமே அறிந்திருக்கும்.

அப்போது தமிழ்ப் பேசும் படங்கள் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. படம் எடுக்க விரும்பியோர் நடிகர், பாடகர், பக்கவாத்தியக்காரர், சமையற்காரர் அனைவரையும் இரயிலேற்றிக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. சேலத்தில் இயங்கிய ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சில படங்களில் ஈடுபட்ட சுந்தரம், இந்த அலைச்சலின் செலவையும் வீணையும் நேரில் கண்டார். பஞ்சு ஓரிடத்திலும் இராட்டை வேறிடத்திலும் தறி மற்றோரிடத்திலும் கிடக்கும் தொழில் எப்படி இலாபம் தரும்? 1935இல் சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் வழியில், சேர்வராயன் மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருள் கழுவும் கூடம், தச்சுப் பட்டறை, தையற்கூடம் அனைத்தும் ஒரே சுற்றுச்சுவருக்குள் அமைந்தன. 1937இல் வெளிவந்த ‘சதி அகல்யா’ அதன் முதற்படைப்பு.

அங்கு நிலவிய கட்டுப்பாடு பற்றிக் கதைகள் பல உண்டு. நேரம் தவறியவர் எத்துணைப் பெரிய நடிகராயினும் முதலாளியின் பார்வைக்குத் தப்ப முடியாது என்பர். மிகைப்படுத்தல்களைக் கழித்துப் பார்த்தாலும் எஞ்சுவது ஓர் ஆலையின் ஒழுங்கே. நடிகரும் எழுத்தாளரும் தொழில்நுட்பரும் மாதச் சம்பளக்காரர்கள். கதையும் உரையாடலும் முன்கூட்டியே எழுதி முடிக்கப்பட வேண்டும். எந்த நாளில் எந்தக் காட்சி என்பதும் முன்னரே வரையறுக்கப்படும். பாவு ஓட்டி முடித்த பின்னரே தறியில் ஏற்ற முடியும் என்பது நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த செய்தி. அதைத் திரைப்படத்துக்குப் பொருத்திப் பார்த்தவர் சுந்தரம். இம்முறை கலைஞனின் தன்னுரிமையைச் சுருக்கியது என்ற குறை கூறப்படுவதுண்டு. குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் ஒரே நிறுவனத்தின் பெயரில் வெளிவந்தமைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

போர்க்களத்தைத் திரையில் காட்டுவதற்கு இத்தகைய ஒழுங்கு முதல் தேவை. காதல் காட்சியை இருவரை வைத்து எடுத்துவிடலாம். படையெடுப்புக் காட்சிக்கு ஆளும் குதிரையும் ஆயுதமும் புகையும் ஒரு சேர இயங்க வேண்டும். அவற்றைப் பல கோணங்களில் பதிவுசெய்து, துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, நடவாத போரை நடந்ததாகக் கண்ணை நம்பவைக்க வேண்டும். இதற்கான பயிற்சியைச் சுந்தரத்துக்கு முந்தைய படங்கள் தந்திருந்தன. 1940இல் அவர் இயக்கிய ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். தமிழ்த்திரையில் அதுவே முதல் இரட்டை வேடம். இவ்வகைக் காட்சிகளுக்கு வில்லையின் ஒரு பாதியை மறைத்து மறுபாதியில் முதலில் பதிவுசெய்வர்; பின் அதே படச்சுருளைத் திரும்பச் சுற்றி மற்றப் பாதியில் பதிவுசெய்வர். கருவி இம்மியும் அசையலாகாது. நடிகரின் பார்வை, அங்கே இல்லாத தன் மறுபாதியின் கண்ணைச் சரியாகச் சந்திக்க வேண்டும். ஜெர்மானிய ஒளிப்பதிவாளர் போடோ குட்ஷ்வாகர் அந்நாளில் மாடர்ன் தியேட்டர்ஸில் பணிபுரிந்தவர். 1942இல் வந்த ‘மனோன்மணி’, பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. சேரனும் பாண்டியனும் மோதும் அக்கதை, மேடையில் சொல்லால் உணர்த்தப்பட்ட போரைக் கண்ணால் காணச்செய்யும் வாய்ப்பை அளித்தது.

அதற்குள் உண்மைப் போர் தமிழகத்தின் வாயிலுக்கே வந்துவிட்டது. 1941 டிசம்பர் 23 அன்று இரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச் 8 அன்று அந்நகரம் வீழ்ந்தது. பர்மாவில் வாழ்ந்த இந்தியர்களுள் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். கப்பலில் இடம் கிட்டாத ஏழைகள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அசாம் வழியாகவும் மலையும் காடும் கடந்து நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மடிந்தவர்கள் பல்லாயிரவர். தமிழகத்துச் சிற்றூர்களில் பர்மாவிலிருந்து திரும்பியவர் என்ற அடைமொழியோடு முதியவர்கள் நெடுங்காலம் வாழ்ந்தனர். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னை நகரமே பாதி காலியாயிற்று. படப்பிடிப்பு நிலையங்கள் ஓய்ந்தன. கடற்கரையிலிருந்து தொலைவில், மலையடிவாரத்தில் இருந்த சேலத்து நிலையத்துக்கு இது ஒருவகையில் அனுகூலமாக அமைந்தது. கோவையை ஒட்டிய சூலூரில் அமைந்த விமானத்தளம் அப்போர்க் காலத்தில் எழுந்ததே. கொங்கு வானத்திலும் போர் விமானங்களின் ஒலி கேட்டது.

போர் வேறொரு வகையிலும் திரையுலகைத் தொட்டது. படச்சுருள் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வந்த காலம் அது. அரசு அதனை உரிமத்துக்கு உட்படுத்தி, ஒரு படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டலாகாது என வரையறுத்தது. ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும் சுருளில் இது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மிகுதி. ஐம்பது பாடல்களுடன் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிய படங்களுக்குப் பழகிய தமிழ்த் திரையுலகம் அதிர்ந்தது. (தமிழ்ப்படத்தில் பாடல்களின் எண்ணிக்கை குறைந்தமைக்குக் கலைஞர்களின் அறிவுரையைவிட இந்தப் பஞ்சமே மிகுதியும் காரணம் எனலாம்.) 1943 முதல் ஒவ்வொரு திரையரங்கும் அரசு ஏற்ற செய்திப்படங்களைக் கட்டாயமாகத் திரையிட வேண்டியிருந்தது. போர் முயற்சிக்குத் துணைநிற்கும் கதைப்படங்களையும் தயாரிப்பாளர்கள் எடுக்க வேண்டும் என்ற நெருக்கடியும் எழுந்தது. கே. சுப்பிரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’, சுந்தரத்தின் ‘பர்மா ராணி’ ஆகியன இச்சூழலில் பிறந்தவை. ஜெமினியின் ‘கண்ணம்மா என் காதலி’யும் அதே 1945இல் பர்மாப் போரைப் பின்னணியாகக் கொண்டு வெளிவந்தது.

ஜப்பானியர் வசப்பட்ட பர்மாவில் இந்திய விமானப்படை வீரர் மூவர் விமானம் வீழ்ந்து சிக்கிக்கொள்கின்றனர். எதிரியின் கண்ணில் படாமல் மறைந்து வாழ்ந்து, அங்குள்ளோர் உதவியுடன் தப்புவதே கதை. ராணியாகக் கே. எல். வி. வசந்தா நடித்தார், ஹொன்னப்ப பாகவதரும் செருகளத்தூர் சாமாவும் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றனர். ஜப்பானியப் படைத்தலைவனாகத் தோன்றியவர் சுந்தரமே. நிறுவனத்தின் உரிமையாளர், படத்தின் இயக்குநர், எல்லோரும் அஞ்சும் முதலாளி, எதிரியின் சீருடையை அணிந்து நின்றார். தளத்தில் நாள்தோறும் ஆணையிட்டுப் பழகிய குரலுக்கு இந்த வேடம் அயலாகத் தோன்றியிராது.

போர்ப்படம் வீரனை எப்படி உருவாக்குகிறது என்பதை இவ்விடத்துச் சற்று விரிவாக நோக்குதல் தகும். 1927இல் ஹாலிவுட்டில் வந்த ‘விங்ஸ்’ படத்துக்காக ஒளிப்பதிவுக் கருவியை விமானத்திலேயே பொருத்தினர். வானில் பறப்பவனின் முகமும் அவன் பின்னே சுழலும் மேகமும் ஒரே சட்டத்தில் பதிந்தன. 1930இல் லூயி மைல்ஸ்டோன் இயக்கிய ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரன்ட்’ படத்தில் பாரந்தூக்கியில் ஏற்றிய கருவி பதுங்குகுழியின் நீளத்துக்கும் நகர்ந்து, இயந்திரத் துப்பாக்கி முன் வரிசையாக விழும் மனிதர்களைக் காட்டிற்று. அங்கு விழுபவனும் வீரன், சுடுபவனும் வீரன். இருவர்க்கும் முகம் உண்டு. இவ்வசதிகள் எவையும் இல்லாத இந்திய நிலையங்கள் மூன்று வழிகளை நம்பின. செய்திப்படங்களில் கிடைத்த உண்மைக் குண்டுவீச்சுக் காட்சிகளை இடையிடையே சேர்த்தல்; மரத்திலும் அட்டையிலும் செய்த சிற்றுருவ விமானங்களையும் பாலங்களையும் அருகிலிருந்து படம்பிடித்தல்; தளத்தில் அமைத்த விமானியின் இருக்கையில் நடிகரை அமர்த்தி, அண்மைக் காட்சியாக முகத்தை மட்டும் காட்டுதல். இம்மூன்றையும் படத்தொகுப்பாளர் மாற்றி மாற்றிக் கோக்கும்போது, சேலத்தில் அமர்ந்திருப்பவன் இரங்கூன் வானில் பறக்கிறான். பாவும் ஊடையும் குறுக்கே மாறி மாறி ஓடித் துணியாவது போன்றதே இது. லீட்ஸில் கற்றவருக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபட்டிருக்கும்.

முகத்தை யாருக்கு அளிப்பது என்பதுதான் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் தேர்வு. அண்மைக் காட்சி பெறுபவனோடு பார்வையாளர் ஒன்றிவிடுவர். சேய்மைக் காட்சியில் வரிசையாக ஓடுபவர்கள் வெறும் படையாகவே எஞ்சுவர். கருவியைத் தாழ்த்திக் கீழிருந்து நோக்கினால் நிற்பவன் ஓங்கித் தெரிவான். முகத்துக்குக் கீழிருந்து ஒளி பாய்ச்சினால் அதே மனிதன் கொடியவனாவான். பண்டைத் தமிழ்ப் போரிலக்கியம் இத்தேர்வை வேறுவிதமாகச் செய்தது. பொய்கையாரின் ‘களவழி நாற்பது’ போர் முடிந்த களத்தைக் காட்டுகிறது. செயங்கொண்டாரின் ‘கலிங்கத்துப்பரணி’யில் களத்தை விவரிப்பவை பசித்த பேய்கள். வென்றவனைப் புகழ்வதே நோக்கமாயினும், மடிந்தவர் உடல்களைக் கடந்துதான் அப்புகழ் வருகிறது. போர்க்கால அரசின் உரிமத்தில் வந்த படச்சுருளுக்கு அத்தகைய உரிமை இருந்திருக்க முடியாது.

ராணி என்னும் பெயரில் ஒரு பெண் திரையில் நேசநாட்டு விமானிகளைக் காத்துக்கொண்டிருந்தாள். ராணி என்னும் பெயரைத் தாங்கிய ஒரு படையே அதற்கு ஓராண்டு முன் அதே பர்மாவில் இருந்தது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவருள் பெரும்பாலோர் மலாயாவின் இந்தியப் பெண்கள். அவர்களுள் இரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். படைத்தலைவி இலட்சுமி சென்னையில் மருத்துவம் பயின்றவர். 1944இல் அப்பெண்கள் மேமியோவில் முகாமிட்டிருந்தனர். அதே ஆண்டில் இம்பாலை நோக்கி நடந்த இந்திய தேசிய இராணுவத்திலும் தமிழர் இருந்தனர். எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் தமிழர் இருந்தனர். ஒரே மொழி பேசுவோர் இரு சீருடைகளில் எதிரெதிர் நின்ற அந்தக் களம், தமிழ்ப் போர்ப்படத்துக்கு இயல்பாகவே அமைந்த கதை. கடுந்தணிக்கையின் காரணமாக இந்தச் செய்திகள் தாயகத் தமிழர்க்குச் சரிவரத் தெரியவில்லை. 1945 நவம்பரில் செங்கோட்டை விசாரணை தொடங்கியபோதே நாடு முழுதும் உணர்ந்தது. ‘பர்மா ராணி’ அதற்கு முன்பே வெளிவந்துவிட்டது.

இதைக் கொண்டு சுந்தரத்தைப் பேரரசின் ஊழியர் என்று முத்திரை குத்துவது எளிது, நேர்மையாகாது. 1942க்குப் பின் அந்தப் போரை ஆதரித்தோர் தமிழகத்தில் பலர். பொதுவுடைமையர் அதனை மக்கள் போர் என்றனர். நீதிக்கட்சியும் பிரிட்டிஷாரின் போர் முயற்சிக்கு ஆதரவளித்தது. ஜப்பானியர் ஆட்சியில் பர்மாவிலும் மலாயாவிலும் தமிழர் பட்ட துன்பம் கற்பனையன்று. சயாம் மரண இரயில்பாதையில் மடிந்த தோட்டத் தொழிலாளர் அதற்குச் சான்று. நூற்றுக்கணக்கானோர்க்குச் சம்பளம் தரவேண்டிய முதலாளிக்குப் படச்சுருள் உரிமம் என்பது ஆலைக்குப் பஞ்சு போன்றது. இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னும் ஒரு குறை எஞ்சுகிறது. காட்டு வழியில் கால்நடையாக வந்தவர்களைத் தன் ஊர்த் தெருவிலேயே கண்ட ஒரு சமூகத்துக்கு, பர்மாப் போரை வானிலிருந்து வந்த மூவரின் சாகசமாக அப்படம் சொல்லிற்று. நடந்து வந்தவனின் கதை திரைக்கு வர 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘பராசக்தி’, பர்மாவிலிருந்து திரும்பும் சகோதரர்களையும், குண்டுவீச்சில் கால் இழந்து பிச்சைக்காரனாகும் ஒருவனையும் காட்டியது. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’, களத்தையே காட்டாமல், ஜப்பானுக்கு உளவு சொன்ன ஒருவனின் வீட்டுக்குள் அதே போரைக் கொண்டுவந்தது.

‘பராசக்தி’க்கு உரையாடல் எழுதிய மு. கருணாநிதி, அதற்கு முன் மாடர்ன் தியேட்டர்ஸில் எழுதியவர். சுந்தரத்தின் வாழ்வில் வியக்கத்தக்க திருப்பம் இதுவே. போர்க்காலத்தில் பேரரசுக்கு உகந்த படம் எடுத்த அதே நிலையம், ஐந்தே ஆண்டுகளில் ஆட்சியாளரைக் கேள்வி கேட்கும் திராவிட இயக்க எழுத்துக்குக் களமாயிற்று. 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’ குண்டலகேசியின் கதையைத் தழுவியது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அப்படத்தைச் சுந்தரம் முடித்து வைத்தார். எம். ஜி. இராமச்சந்திரன் அதில் படைத்தளபதி. மறு ஆண்டு ‘சர்வாதிகாரி’. பாரதிதாசனின் எழுத்தும் ‘பொன்முடி’யாக, ‘வளையாபதி’யாக அங்கிருந்து திரைக்கு வந்தது. சுந்தரம் கொள்கையாளராக மாறிவிட்டார் என்று கொள்வதற்கில்லை. மக்கள் எதைக் கேட்க விரும்புகின்றனர் என்பதை அவர் சந்தை நிலவரம் போல அறிந்துவைத்திருந்தார்.

ஆயினும் தொழில்நுட்பம் தன் நினைவை விடுவதில்லை. இச்சரித்திரக் கற்பனைப் படங்களின் வாட்போர்கள் தமிழ்த்திரையில் வீரன் என்னும் உருவத்தை நிலைநிறுத்தின. தளபதி தனித்து நிற்கிறான், அவன் முகம் அண்மையில், எதிரிப்படை சேய்மையில். வெட்டுண்டு விழுவோர்க்குப் பெயரில்லை. போர்க்காலப் படங்கள் வகுத்த அதே பங்கீடு, சீருடை கழற்றி மன்னர்காலக் கவசம் அணிந்துகொண்டு தொடர்ந்தது. உரையாடல் புரட்சி பேசியபோதும் ஒளிப்பதிவுக் கருவி பழைய இடத்திலேயே நின்றது எனலாம். 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வண்ணத்தில் வந்தபோது வாளின் மின்னலும் உடையின் நிறமும் கூடின. அப்படம் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் என்ற பெருமை பெற்றது.

இடையில் 1952இல் அமெரிக்கர்களோடு இணைந்து ‘தி ஜங்கிள்’ என்னும் ஆங்கிலப் படத்தையும் அவர் தயாரித்தார். 1938இல் ‘பாலன்’ மூலம் மலையாளத்துக்குப் பேசும் படத்தைத் தந்த நிறுவனம், 1961இல் ‘கண்டம் பெச்ச கோட்டு’ மூலம் அம்மொழியின் முதல் வண்ணப் படத்தையும் தந்தது. பல மொழிகளுக்கு ஒரே கூடத்தில் படம் நெய்த இந்த முயற்சி தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு.

1962 இறுதியில் இமயத்தில் சீனப் போர் மூண்டு முடிந்தது. தமிழ்த் திரையுலகம், தன் சொந்த நாட்டின் சீருடையில் ஒரு வீரனைக் காட்டும் நிலைக்கு வந்தது. தாதா மிராசி இயக்கத்தில் சிவாஜி கணேசன் படைவீரனாக நடித்த ‘இரத்தத் திலகம்’ 1963 செப்டம்பர் 14 அன்று வெளியாயிற்று. லடாக்கின் பனிமலைக்கே சென்று சேத்தன் ஆனந்த் எடுத்த இந்திப் படமான ‘ஹகீகத்’ மறு ஆண்டு வந்தது. சேலத்துத் தளத்தில் பர்மாவை எழுப்பி, எதிரியின் உடையைத் தானே அணிந்தவர் இவ்விரண்டையும் காணவில்லை. ‘இரத்தத் திலகம்’ வெளியாவதற்குப் பதினைந்து நாள் முன்னதாக, ஆகஸ்டு 30 அன்று, தம் ஐம்பத்தாறாம் வயதில் டி. ஆர். சுந்தரம் காலமானார். அவர் மகன் இராமசுந்தரம் நிறுவனத்தை மேலும் இருபதாண்டுக் காலம் வரை நடத்தினார். தளங்களும் பட்டறைகளும் இருந்த இடம் பின்னர் குடியிருப்பாக மாறிற்று. ஏற்காடு சாலையில் நிலையத்தின் முகப்பு வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறது.